லாரியில் வந்த லிங்கம்

வேலூருக்கு வருகிறவர்களில் பலர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி, ஸ்ரீபுரம் பொற்கோயில் இரண்டோடு திரும்ப பஸ் ஏறிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிப் போய்விடாதீர்கள்! பாலாற்றங்கரையோடு ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் இந்தத் தோல் பதனிடும் நாட்டில், ஒவ்வொரு ஊரும் தன் கொல்லைப்புறத்தில் ஓர் அதிசயத்தை வைத்திருக்கிறது. வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம்.

முதலில் வேலூர்க் கோட்டை. அகழியைத் தாண்டி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தால் மணியோசை, கற்பூர வாசனை, பிரதோஷக் கூட்டம். நாயக்கர் காலத்திலிருந்து ஒரு வேளைகூடப் பூஜை நின்றதில்லை என்றுதான் தோன்றும். ஆனால் 1981 வரை இங்கே சாமியே இல்லை! சண்டைகளிலும் படைகளின் நடமாட்டத்திலும் வழிபாடு நின்றுபோய், ஆங்கிலேயர் காலத்தில் கோயிலே ராணுவக் கிடங்கானது. பிறகு தொல்லியல் துறையின் காவல். லிங்கமோ பக்கத்துச் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச் 16 அன்று அது ஒரு மூடிய லாரியில் புறப்பட்டதாகச் சொல்கிறார்கள். செய்தி கசிவதற்குள் கருவறைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டதாம். இந்தக் கதையைச் சொல்லும்போது வேலூர்க்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, நேற்று நடந்ததுபோல ஒரு பூரிப்பு!

கல்யாண மண்டபத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். அங்கே யானைக்கும் காளைக்கும் சேர்த்து ஒரே தலை செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. நான் மாற்றி மாற்றி மறைத்துக்கொண்டே நின்றேன், பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டமே வரிசை கட்டிவிட்டது.

இதே கோட்டையில்தான் 1806 ஜூலை 10 அதிகாலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகளோடு வந்த புதிய தலைப்பாகையில் தோலால் ஆன சின்னம் இருந்ததும் ஒரு காரணம். பிற்காலத்தில் தோலாலேயே பேர்பெற்ற வட்டாரத்தில் இப்படி ஒரு சரித்திரம்! கோயிலைப் பார்த்த கையோடு மசூதியையும் 1846-இல் கட்டிய தேவாலயத்தையும் பார்த்துவிடுங்கள், எல்லாம் இதே மதிலுக்குள்தான்.

அடுத்து, எனக்குத் தலைகால் புரியாமல் போன இடம், விரிஞ்சிபுரம். பெங்களூரு சாலையில் கொஞ்ச தூரம்தான். ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்பார்கள். மதில் அழகுதான், ஆனால் நேராக உள்ளே நாழிகைக் கல்லிடம் போங்கள். அரைவட்டமாகக் கோடுகள் வெட்டிய கல். அதன் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழும் கோடுதான் மணி. அவ்வளவுதான்! சாவி இல்லை, பேட்டரி இல்லை. நிழலையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்து, குழந்தைபோலக் குதிக்காத குறை.

அங்கே சிம்ம தீர்த்தம் என்ற கிணறும் உண்டு. சிங்கத்தின் வாய்தான் வாசல். கார்த்திகைக் கடை ஞாயிறன்று நள்ளிரவில் குழந்தை வரம் வேண்டி அதில் நீராடப் பெண்கள் திரள்கிறார்கள். சாமியின் பெயர் மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணைநாதர். மிளகு வியாபாரிக்குத் துணையாக நடந்தவர் என்பது தலபுராணம். நெடுஞ்சாலை ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடைப்பாரா?

பள்ளிகொண்டாவில் சயனித்திருக்கும் ரங்கநாதருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆம்பூர்.

இங்கே காட்சி வேறு. தோல் ஷாப் எனும் பதனிடும் ஆலைக்குள் ஆளை விடப் பெரிய மர டிரம்கள் உருள்கின்றன. உப்புப் போட்டு வரும் பச்சைத் தோல் சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கி, குரோமியம் ஏறியதும் வெளிர்நீலமாக வெளிவருகிறது. அதற்குப் பெயரே ‘வெட் ப்ளூ’. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் செய்த வேலை இது. ஷூ கம்பெனியில் கட்டிங், ஸ்டிச்சிங் என வரிசைகள். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பெண்களின் விரல் வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்கவில்லை.

ஆனால் பாலாற்றைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. நான் கும்பிட்டு வந்த கோயில்களின் ஆறு இது. தோல் கழிவு மண்ணையும் கிணற்றையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான், மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடே மேற்கோள் காட்டும் தீர்ப்பு. ஆறு இன்னும் தேறவில்லை. அதற்காகப் போராடும் இந்த ஊர்க்காரர்கள் ஓயக்கூடாது, ஓயவும் மாட்டார்கள்.

மதியத்துக்கு முன் ஆம்பூரில் ஏதாவது ஒரு பிரியாணிக் கடையின் பின்கட்டுக்கு எப்படியாவது அனுமதி வாங்குங்கள். விறகடுப்பில் தேக்சா. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதில் வெந்த ஆட்டுக்கறி, பாதி வெந்து வடித்த சீரகச் சம்பா, மூடிமேல் கனன்று கிடக்கும் கங்கு. “தம் உடையப் போவுது, தள்ளி நில்லுங்க!” என்றார் பண்டாரி, அதாவது சமையல் மாஸ்டர். எங்கே தள்ளி நிற்பது? கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும் வருவதற்குள் முதல் தட்டு காலி.