வாழப்பாடியில் 22 கஜம்

கிரிக்கெட் மைதானம் என்றதும் நம்மில் பலருக்குச் சேப்பாக்கமே நினைவுக்கு வரும். ஆனால் சேலம் மாவட்டத்து இளைஞனுக்கு அதனினும் முக்கியமானது, 2020 பிப்ரவரியில் வாழப்பாடி அருகே திறக்கப்பட்ட சேலம் கிரிக்கெட் பவுண்டேசன் மைதானம். திறப்பு விழாவுக்கு ராகுல் திராவிட் வந்திருந்தார். 2022 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களும் அங்கே நடந்துள்ளன. விளக்கொளியும் கூட்டமும் எல்லோரும் பேசுபவை. நான் சொல்ல விரும்புவது நடுவிலுள்ள 22 கஜ மண்ணைப் பற்றி.

எங்கள் ஊரில் வற்றிய ஏரிதான் மைதானம். டென்னிஸ் பந்துதான் பந்து. அதன் எடை 58 கிராம் அளவே. தோல் பந்தோ 156 முதல் 163 கிராம் வரை, ஏறத்தாழ மூன்று மடங்கு. அதை ஏரித்தரையில் வீசினால் எங்கே எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. முழங்காலுக்குக் காப்பு இல்லாதவன் மறுநாள் நொண்ட வேண்டியதுதான்.

புல் ஆடுகளம் அமைப்போர் களிமண் மிகுந்த மண்ணைப் பரப்பி, நீர் விட்டு, உருளையால் அழுத்துகிறார்கள். ஈரம் காயக் காயக் களிமண் சுருங்கி இறுகுகிறது. புல்லின் வேர்கள் அது சிதறாமல் பிணைத்து வைக்கின்றன. (தாவரவியல் நண்பர்கள் இங்கே மார்தட்டிக்கொள்ளலாம், உராய்வு மட்டுமே எங்கள் இயற்பியலுக்கு உரியது.) அத்தரையில்தான் பந்தின் தையல் மண்ணைக் கடித்துத் திசை மாறும், எழுச்சியும் ஓரளவு சீராக இருக்கும். ஈரம் மிகுந்தால் பந்து நின்று வரும்; மிகக் காய்ந்தால் தரை வெடிக்கும்.

இத்தரையில் பழகாதவன் எத்தனை திறமைசாலியாயினும் தேர்வில் தடுமாறுவான். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர். தோல் பந்துக்காக முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்குப் போனார். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்கு ஆடினார். மட்டையின் அடியில் போய் விழும் அவருடைய யார்க்கர், தரையை நம்ப முடியாத ஊரில் பிறந்த வித்தை என்பது என் கருத்து. 2023 இல் தம் ஊரிலேயே அவரும் ஒரு மைதானம் திறந்தார். ஆக, மாவட்டத்தின் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று.

ஆயினும் வயது காத்திருப்பதில்லை. 16, 19 வயதுக்குட்பட்டோர் அணிகளுக்கான தேர்வு முடிந்த பின் தோல் பந்தைத் தொடுபவனுக்கு வழி குறுகிவிடுகிறது. எங்கள் ஊரில் என்னைவிட நன்றாக வீசிய இடக்கையன் ஒருவன் இப்போது தறியில் இருக்கிறான். அவனுக்கு 22 வயது. வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த எனக்குக் கிடைத்த காலம் அவனுக்குக் கிடைக்கவில்லை.

நம் உடற்கல்வி இயக்குநர் அவர்கள் வரும் ஆண்டில் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டம் ஒன்றையாவது வாழப்பாடியில் நடத்த அனுமதி கேட்டுப் பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து பேருந்து வசதி உண்டு.