இணையம் நின்றாலும் பாடம் நிற்காது: பள்ளிக்குள் ஓர் ஊடக சர்வர்

அவிநாசி – திருப்பூர் சாலையில், சிற்பக் கூடங்களின் உளி ஓசை கேட்கும் ஊர் திருமுருகன்பூண்டி. இங்கு நான் பணிபுரியும் நடுநிலைப் பள்ளியின் மாணவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் பிள்ளைகள். பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் குழந்தைகளும் உள்ளனர். வகுப்பறைகளில் ஐந்து தொலைக்காட்சிகள் இருக்கின்றன. இணைய இணைப்பு ஒன்றுதான்.

மூன்று வகுப்புகள் ஒரே நேரத்தில் காணொலியைத் திறந்தால், மூன்று திரையிலும் வட்டம் மட்டுமே சுற்றும். பென் டிரைவை நம்பினால் அது எந்த வகுப்பில் இருக்கிறது என்று தேடுவதிலேயே பாடவேளை கரையும். பல டிவிகள் உள்ள வீடுகளில் படங்களை ஓரிடத்தில் சேமித்து எல்லா அறைகளிலும் பார்ப்பதற்கு ஊடக சர்வர் வைப்பார்கள். அதையே பள்ளிக்கும் அமைக்கலாம்.

எளிய கணக்கு

தெளிவான காணொலி ஒன்றுக்கு நொடிக்கு சுமார் 4 மெகாபிட் தேவை என்று கொள்வோம். ஐந்து திரைகளுக்கு 20 மெகாபிட். பள்ளிக்குள் போடும் சாதாரண லேன் கேபிளே 100 மெகாபிட் தாங்கும். இதே தரத்தில் அரை மணி நேரப் பாடம் 900 மெகாபைட் இடம் எடுக்கும். எனவே 1 டெராபைட் வன்தட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடங்கள் அடங்கும்.

அமைக்கும் முறை

1. பயன்பாட்டில் இல்லாத மேசைக் கணினி ஒன்று போதும். 8 ஜிபி நினைவகம் இருந்தால் நல்லது. தலைமையாசிரியரின் அனுமதியுடன் அதில் வன்தட்டைக் கூடுதலாகப் பொருத்துங்கள்.

2. கணினியையும் தொலைக்காட்சிகளையும் ரவுட்டர் அல்லது ஸ்விட்ச் வழியாக இணையுங்கள். ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

3. ஜெல்லிஃபின் என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவுங்கள். 2018 டிசம்பரில் தொடங்கிய இத்திட்டத்துக்குக் கட்டணமோ சந்தாவோ கிடையாது. நூலக வகையைக் கேட்கும்போது ‘வீட்டுக் காணொலிகள்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். அப்போதுதான் நம் கோப்புறைகளின் வரிசையிலேயே பாடங்கள் தெரியும்.

4. வகுப்பு, பாடம், அலகு என்று கோப்புறைகளை அடுக்குங்கள். பெயரின் தொடக்கத்தில் 01, 02 என எண் இடுங்கள்.

5. சர்வருக்கு மாறாத ஐபி முகவரி கொடுங்கள். 192.168.1.10 என்று கொடுத்திருந்தால், தொலைக்காட்சியின் ஜெல்லிஃபின் செயலியில் 192.168.1.10:8096 என்று ஒருமுறை பதிந்தால் போதும். ஸ்மார்ட் டிவி இல்லையென்றால், எச்டிஎம்ஐ துளையில் ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்றைச் செருகலாம்.

6. ஒவ்வொரு வகுப்புக்கும் தனிக் கணக்கு தொடங்கி, அந்த வகுப்பின் நூலகம் மட்டும் தெரியும்படி அமையுங்கள்.

காணொலிகள் எச்.264 முறையிலான எம்பி4 கோப்புகளாக இருக்கட்டும். அவற்றைத் தொலைக்காட்சி நேரடியாக இயக்கிவிடும். வேறு வகை என்றால் சர்வர் ஓடஓட உருமாற்ற வேண்டியிருக்கும். பழைய கணினி அங்கேதான் திணறும்.

எதைச் சேமிக்கலாம்?

முதலில், நாமே எடுத்த காணொலிகள். அடுத்து, பகிர அனுமதிக்கும் திறந்த உரிமம் கொண்டவை, என்.சி.இ.ஆர்.டி. 2013-இல் தொடங்கிய தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியம், விக்கிமீடியா காமன்ஸ் ஆகியவற்றில் தேடலாம். கிவிக்ஸ் மென்பொருளை இதே கணினியில் நிறுவினால் தமிழ் விக்கிப்பீடியாவையும் இணையமின்றிப் படிக்கலாம். திரைப்படங்களை இதில் ஏற்ற வேண்டாம்.

எழுத்தும் ஓடட்டும்

எனக்கு மிகவும் பயன்பட்டது வசன வரி வசதி. தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டு, கடைவீதியில் சரளமாகப் பேசும் வடமாநிலக் குழந்தை, பாடநூலைத் திறந்ததும் மௌனமாகிவிடும். காது அறிந்த சொல்லைக் கண் இன்னும் அறியவில்லை. பேசும் மொழியிலேயே வரிகளையும் காட்டி வாசிப்பை வளர்க்கும் யோசனையை அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் பிரிஜ் கோத்தாரி 1996-இல் முன்வைத்தார். பின்னர் தூர்தர்ஷனின் பாடல் நிகழ்ச்சிகளிலும் அது இடம்பெற்றது.

இதை நாமே செய்யலாம். நோட்பேடில் வரிசை எண், தொடங்கும் – முடியும் நேரம், வாக்கியம் என்று எழுதி, யூடிஎஃப்-8 முறையில் எஸ்ஆர்டி கோப்பாகச் சேமியுங்கள். காணொலியின் பெயரையே அதற்கும் இட்டு அதே கோப்புறையில் வையுங்கள். முதலில் ஒரு வரியைச் சோதியுங்கள். தமிழ் எழுத்துரு இல்லாத பெட்டியில் எழுத்துகள் கட்டங்களாகத் தெரியும்.

ஐந்து நிமிடக் காணொலி போதும். முதல்முறை ஒலியும் எழுத்துமாகக் காட்டுகிறேன். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, ஓடும் வரிகளைக் குழந்தைகளையே வாசிக்கச் சொல்கிறேன். தனியாக வாசிக்கத் தயங்கும் குழந்தையும் எல்லோரோடும் சேர்ந்து வாய் திறக்கிறது. பிறகு அதே வரிகளைப் பாடநூலில் தேடச் சொல்கிறேன்.

கவனிக்க வேண்டியவை

மின்தடையின்போது வன்தட்டு பழுதாகாமல் இருக்க யுபிஎஸ் அவசியம். பருவத்துக்கு ஒருமுறை வேறு வன்தட்டில் நகல் எடுங்கள். வெளி இணையத்திலிருந்து சர்வரை அணுகும் வழியைத் திறக்காதீர்கள். சர்வரின் கடவுச்சொல் இரு ஆசிரியர்களுக்காவது தெரிந்திருக்கட்டும். ஒருவர் மாறுதலில் சென்றாலும் மறுநாள் வகுப்பு தடையின்றி நடக்கும்.