உறங்கிய என்ஜினை எழுப்புதல்

நம் புதுச்சேரியில் பூட்டிய ஷெட்டுகள் சிலவற்றுள் பழைய அம்பாசடர் கார்கள் இன்னும் நிற்கின்றன. கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அவற்றின் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. தந்தையார் ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனமின்றி வைத்திருப்போர் உண்டு. ஒருநாள் ஆசை மேலிட, புதிய பாட்டரியைப் பொருத்திச் சாவியைத் திருப்பிவிடுகின்றனர். பல்லாண்டு ஓய்வு கெடுக்காத என்ஜினை அந்த ஒரு நொடி கெடுத்துவிடக்கூடும். அது ஏன் என்பதை முதலில் காண்போம்.

ஓடும் என்ஜினில் பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். நெடுநாள் நின்றால் அது வழிந்து இறங்கிவிடும். நான்கு சிலிண்டர்களுள் ஏதேனும் ஒன்றில் வால்வு திறந்தே நிற்குமாதலால், நம் கடற்காற்றின் ஈரமும் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் உள்ளே புகும். துரு பிடித்து, பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரால் வலிந்து சுழற்றினால், துருவே உப்புக் காகிதம்போல் சுவரைத் தேய்க்கும். ரிங்குகள் முறியவும் கூடும்.

ஆகவே பாட்டரியை இணைக்காதீர்கள். எலிக்கூடுகளை அகற்றி, மின்கம்பிகளைப் பார்வையிடுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு தேக்கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருங்கள். பின்னர் கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்டிலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அசையாவிடில் மீண்டும் எண்ணெய், மீண்டும் பொறுமை.

முத்தியால்பேட்டையில் என் பழைய மாணவர் ஒருவரின் கார் இவ்வாறு இறுகியிருந்தது. கயிறு கட்டி இழுத்தால் கிளம்பிவிடும் என்றார் அண்டை வீட்டார். இளைஞரும் அதற்கு இசையவிருந்தார். காரணத்தை எடுத்துரைத்தபின் பொறுத்தார். ஒன்பதாம் நாள் ஹேண்டில் விரற்கடை அளவு நகர்ந்தது. பிறகு முழுச் சுற்றும் சுற்றியது. அந்த என்ஜின் பிழைத்தது.

சுற்றியதும் வேலை முடிந்ததன்று. பழைய எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றுக. தேங்கிய பெட்ரோல் பிசின்போலாகிக் கார்பரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். டாங்கியை வடித்து, கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவுக. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். அவற்றை மாற்றுவதே நலம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்டுகளையும் துலக்கி, ரேடியேட்டரில் நீர் நிரப்புக. இப்போது பாட்டரியை இணைத்து, பிளக் இல்லாமலே என்ஜினைச் சிறிது சிறிதாகச் சுற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறியதை உறுதிசெய்தபின்னரே பிளக்குகளைப் பூட்டுக.

இரண்டு எச்சரிக்கைகள். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிடாதீர்கள்; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இன்றி உயிரைக் குடிக்கும். அடுத்தது, பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உட்பாகங்களைத் துருப்பிடிக்கச் செய்யும். ஓடும் கார் நிற்குமா என்று தேர்ந்த மெக்கானிக் பார்த்துச் சொன்ன பிறகே தெருவில் இறங்குக.

எழுப்பிய என்ஜினை மீண்டும் உறங்கவிடலாகாது. இரு வாரத்திற்கு ஒருமுறை, என்ஜின் நன்கு சூடேறும்வரை காரை ஓட்டிவாருங்கள். ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்தினால் எரிப்பில் உண்டாகும் நீராவி உள்ளேயே தங்கும். அது நன்மையன்று, தீமையே.