வீட்டுக்கு ஒரு கணிப்பொறித் திரை

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நம் வீடுகள் பெரும்பாலும் சிறியவை. கணிப்பொறி வைக்கக் கூடத்தில் ஒரு மூலை கிடைத்தாலே பெரிது. அந்த ஒரே மூலையில் காலையில் அப்பா துறைமுக அலுவலகக் கணக்கைப் பார்ப்பார். மாலையில் அக்கா ஸ்டூடியோவுக்காகத் திருமணப் படங்களைத் திருத்துவாள். இரவில் தம்பி விளையாட உட்காருவான். மூவருக்கும் மூன்று மானிட்டர் வாங்க யாரால் இயலும்? ஒன்றுதான் வாங்கப் போகிறோம். அதுவும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். எனவே கடையில் அடுக்கப்படும் எண்களில் எது நமக்கு உதவும், எது வெறும் விளம்பரம் என்று முன்னரே அறிந்து செல்வது நல்லது.

முதலில் அளவைப் பார்ப்போம். 24 அங்குலம் என்பது திரையின் அகலமன்று; ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரையுள்ள தூரம். அகலம் சுமார் 53 சென்டிமீட்டர்தான். திரையில் தெரிவதெல்லாம் பிக்சல் எனப்படும் சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் இருக்கும். 24 அங்குலத்தில் இவை அங்குலத்துக்கு 92 புள்ளிகளாக நெருங்கி நிற்கும். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகிவிடும். ‘பெரிய திரைதானே நல்லது’ என்று எண்ணி வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான். 27 அங்குலம் வேண்டுமானால் 2560க்கு 1440 புள்ளிகள் உள்ளதை வாங்க வேண்டும். அதில் அங்குலத்துக்கு 109 புள்ளிகள் கிடைக்கும்.

இந்த நெருக்கம் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அதிகம் தேவை. ன, ண இரண்டுக்கும் சுழிதான் வேற்றுமை. க, க் இரண்டுக்கும் தலைமேல் ஒரு புள்ளிதான் வேற்றுமை. எழுத்து சிறிதானால் மங்கலான திரையில் இவை கலந்துபோகும். அப்பாவின் வேலைக்கும் இது பொருந்தும். கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் 4 எழுத்தும் 7 இலக்கமும் கொண்ட அடையாளம் உண்டு. 3 என்பதை 8 என்று படித்துவிட்டால் பெட்டி மாறிப்போகும். கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்ப்பதற்காகவே வைக்கப்பட்டது என்பது உண்மை. ஆயினும் நாள் முழுதும் நூற்றுக்கணக்கான எண்களைப் பார்க்கும் கண்ணுக்கு அது ஆறுதலாகுமா?

அடுத்தது திரையின் வகை. டி.என்., வி.ஏ., ஐ.பி.எஸ். என்று மூன்று பெயர்கள் காதில் விழும். டி.என். திரையைச் சற்றுப் பக்கவாட்டில் இருந்தோ கீழிருந்தோ பார்த்தால் நிறம் மாறிவிடும். வி.ஏ. திரையில் கறுப்பு நன்றாகக் கறுத்துத் தெரியும். ஆனால் பலவற்றில் இருண்ட காட்சிகள் வேகமாக நகரும்போது நிழல்போல் இழுபடும். ஐ.பி.எஸ். திரையில் கறுப்பு சற்று வெளிறினாலும் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் பெரிதும் மாறாது. விலையுயர்ந்த ஓ.எல்.இ.டி. திரையும் உண்டு. படமும் விளையாட்டும் அதில் மிக அழகாகத் தெரியும். ஆனால் ஒரே கணக்குத்தாளை நாள்தோறும் பல மணி நேரம் திறந்து வைத்திருந்தால் அதன் கோடுகள் காலப்போக்கில் திரையிலேயே பதிந்துவிடக்கூடும். நம் வீட்டுக்கு ஐ.பி.எஸ். போதும்.

இனி அக்காவின் வேலை. திரை காட்டத்தக்க நிறங்களுக்கு எஸ்.ஆர்.ஜி.பி. என்ற அளவுகோல் 1996இல் வகுக்கப்பட்டது. நல்ல திரைகள் அதில் 99 சதவீதத்தைக் காட்டும். ‘45 சதவீதம் என்.டி.எஸ்.சி.’ என்று அச்சிட்டிருந்தால் அது எஸ்.ஆர்.ஜி.பி.யில் ஏறத்தாழ 60 சதவீதமே. மலிவான மடிக்கணினிகள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. காசிமேட்டில் எடுத்த சங்கரா மீன் படத்தை அத்தகைய திரையில் பாருங்கள். செக்கச் சிவந்த மீன் வாடிப்போய்த் தெரியும். அதைத் திரையில் சிவப்பாக்க முயன்றால் அச்சில் அளவுக்கு மீறிச் சிவக்கும். மணமகளின் முகமாக இருந்தால் என்ன ஆகும்! ஆல்பத்தை மறுபடி அச்சிடும் செலவு யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று: அச்சுக்குப் படம் திருத்தும்போது வெளிச்சத்தை மிகவும் கூட்டி வைக்கலாகாது. திரையில் பளிச்சென்று இருந்த படம் தாளில் இருண்டு வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

தம்பி கேட்பது ஹெர்ட்ஸ். ஒரு விநாடியில் திரை எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே அது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் சுமார் 17 மில்லிவிநாடி நிற்கும். 144இல் 7 மில்லிவிநாடிதான். வேகமான ஆட்டங்களில் வேறுபாடு நன்கு தெரியும். ஆயினும் கணிப்பொறியிலுள்ள கிராபிக்ஸ் கார்டு அத்தனை படங்களை வரைந்து தர வேண்டுமே! அது இல்லாத வீட்டில் 144 என்பது அட்டைப்பெட்டியில் மட்டுமே இருக்கும். ‘1 மில்லிவிநாடி’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். முன்னாளில் வேகம் வேண்டுமென்றால் டி.என். திரை வாங்கி நிறத்தை இழக்க வேண்டியிருந்தது. இப்போது 100 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஐ.பி.எஸ். திரைகள் நடுத்தர விலையிலேயே வருகின்றன. எனவே நிறத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, மிஞ்சும் பணத்துக்கு ஏற்ற வேகத்தைத் தேடலாம். தம்பி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்!

திரையின் முதுகில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் உள்ளனவா என்று பாருங்கள். இருந்தால் சுவரில் மாட்டலாம். மேசையில் பாடப்புத்தகம் விரிக்க இடம் கிடைக்கும். மேல் விளிம்பு கண்மட்டத்தில் இருக்குமாறு மாட்டினால் கழுத்து வலிக்காது.

வாங்குவதற்குத் திருவொற்றியூரிலிருந்து மெட்ரோ ரயிலில் சென்று அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் ரிச்சி தெரு அருகில்தான். நன்கு தெரிந்த படம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என வெற்று நிறங்களை ஒவ்வொன்றாகத் திரை முழுதும் காட்டச் சொல்லி, உயிரற்ற புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரை வாங்க மறவாதீர்கள்.

வீட்டில் சன்னலுக்கு எதிரே திரையை வைக்காதீர்கள். தூசியும் நமக்குப் புதிதன்று. நீதிமன்ற ஆணையின்படி 2011இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்று எண்ணூருக்கு மாறியது; எண்ணூர்ப் பக்கத்துத் தோழியர் வீடுகளில் கரித்தூள் இன்னும் படிகிறது. அதை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் திரையின் மேற்பூச்சில் கீறல் விழும். மின்சாரத்தை நிறுத்தி, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, பிறகு நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும்.