சயாம் ரயில் பாதையில் – 6: எந்தத் தோட்டம், ஐயா?

தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு வரும் ஆஸ்திரேலியரும் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் அருங்காட்சியகத்தில் பயிற்சிக்கு இருக்கும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: எங்கள் தாத்தா எங்கே இருக்கிறார்? பெயரும் படைப்பிரிவும் சொன்னால் போதும். எந்த முகாம், எந்தத் தேதி, கல்லறைத் தோட்டத்தில் எந்த வரிசை என்று எடுத்துக் கொடுத்துவிடலாம்.

அதற்குக் காரணம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்து சயாம்–பர்மா ரயில் பாதை போட வைத்த அந்தப் போர்க்கைதிகளேதான். செத்தவர் கணக்கை ஜப்பானியக் காவலர் கண்ணில் படாமல் எழுதி ஒளித்து வைத்தார்கள். 1945 செப்டம்பரில், போர் முடிந்த கையோடு, ஒரு சிறு குழு பாதை நெடுகத் தேடிப் போனது. 144 இடுகாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள். அவற்றில் கண்டுபிடிக்க முடியாமல் போனவை 52 மட்டுமே.

மலேசியாவின் சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு பெரியவர் மகனோடு வந்தார். "எங்கப்பாவ சப்பான்காரன் பிடிச்சிட்டுப் போனப்ப நான் அம்மா வயித்துல இருந்தேம்மா. பேரு எழுதிக் கொண்டாந்திருக்கேன், கொஞ்சம் பாரு" என்று ஒரு தாளை நீட்டினார். அந்தப் பெயரைத் தேட என்னிடம் பட்டியலே கிடையாது.

415 கிலோமீட்டர் பாதை அது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 என்பது மதிப்பீடு. எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் பால்மரத் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்று சொல்லித்தான் முதலில் ஆள் சேர்த்தார்கள். பிறகு இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவை அடைத்தும் பிடித்தார்கள். கைதிகளுக்குத் தங்கள் படையின் மருத்துவர்கள் உடன் இருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்குப் பெரும்பாலும் யாரும் இல்லை. சிலர் பெண்டு பிள்ளைகளோடு போயிருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள். யார் பெயர் எழுதுவது?

1944-இல் ஜப்பானியப் படையே இங்கு எழுப்பிய நினைவுத்தூணில் தமிழிலும் ஒரு பலகை இருக்கிறது. கொன்றவர்களுக்குத் தெரிந்திருந்தது, செத்தவர்கள் எந்த மொழிக்காரர்கள் என்று. அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெரியவரிடம், "எந்தத் தோட்டம், ஐயா?" என்று கேட்டேன். சட்டென்று சொன்னார். கங்காணி பெயர் தெரிந்திருந்தது. எந்த ஸ்டேஷனில் ஏற்றினார்கள், பக்கத்து லயத்திலிருந்து யார் போனார்கள், யார் திரும்பினார்கள் எல்லாம் தெரிந்திருந்தது. அவருடைய அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்.

தமிழர்களைத் தனித்தனிப் பெயராகத் தேடுவது இங்குள்ள ஆவணங்களில் வீண் வேலை என்றே நான் நினைக்கிறேன். தோட்டம் தோட்டமாகப் பிடித்துப் போனார்கள்; தோட்டவாரியாகத்தான் தேட வேண்டும். ஒரே தோட்டத்திலிருந்து திரும்பிய ஒருவர் சொன்ன முகாமின் பெயர், திரும்பாத பத்துப் பேருக்கும் தடயம் ஆகலாம். இதற்காகத் தமிழில் ஒரு படிவம் தயாரித்து மேற்பார்வையாளரிடம் கொடுத்திருக்கிறேன். தோட்டம், கங்காணி, ஏறிய ஸ்டேஷன், உடன் போனவர்கள், திரும்பியவர்கள் சொன்ன ஊர்ப்பெயர்கள். ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடியே எழுதினால் போதும். தாய்லாந்து மொழிப் பெயரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அன்று கைக்குழந்தையாய் இருந்தவர்களே இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், படிவத்தில் உள்ள இந்த ஐந்தையும் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்.

(தொடரும்)