உங்களுக்குத் தெரியுமா? விற்பனைக்கே வராமல் கிராமி வென்ற ஆல்பம்

சிகாகோவின் சான்ஸ் த ராப்பர் 2016 மே மாதம் ‘கலரிங் புக்’ ஆல்பத்தை வெளியிட்டபோது அவருக்குப் பின்னால் எந்த இசை நிறுவனமும் இல்லை. சிடியாகவும் அது கடைக்கு வரவில்லை. இணையத்தில் கேட்க மட்டுமே கிடைத்தது. ஆனாலும் ஸ்ட்ரீமிங் கணக்கை மட்டும் கொண்டு பில்போர்டு 200 பட்டியலில் 8ஆம் இடத்தில் நுழைந்தது. அதற்கு முன் எந்த ஆல்பமும் அப்படி நுழைந்ததில்லை. விற்பனைக்கு வராத ஆல்பங்களையும் ஏற்க அதே ஆண்டு கிராமி தன் விதியைத் திருத்தியது. 2017 பிப்ரவரியில் சிறந்த ராப் ஆல்பம் விருது இதற்கே கிடைத்தது.

‘இதையா சுயாதீனம் என்பது? ஆப்பிள் பணம் கொடுத்ததே’ என்று கேட்பவர்கள் உண்டு. கொடுத்தது உண்மை. இரண்டு வாரம் தன் தளத்தில் மட்டும் ஒலிக்க 5 லட்சம் டாலர் தந்தது. சான்ஸே இதை வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் வீட்டை இரண்டு வாரம் வாடகைக்கு விடுவதும் கிரயம் எழுதிக்கொடுப்பதும் ஒன்றாகிவிடுமா? வழக்கமான இசை ஒப்பந்தத்தில் நிறுவனம் தரும் முன்பணம் பாடகரின் ராயல்டியிலிருந்தே கழிக்கப்படும். மூலப்பதிவின் உரிமையும் பெரும்பாலும் நிறுவனத்திடம் போய்விடும். சான்ஸ் அந்த உரிமையைக் கைவிடவில்லை. புகழ் இருந்ததால்தானே ஆப்பிள் தேடி வந்தது என்றால், அதுவும் சரிதான். அந்தப் புகழைத் தேடித்தந்ததும் 2013இல் அவர் இலவசமாகவே கொடுத்த ‘ஆசிட் ராப்’ பாடல் தொகுப்புதான்.