விளையாடும்போது மட்டும் அணையும் கணிப்பொறி

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

கட்டுரை தட்டெழுதும்போது கணிப்பொறி ஒழுங்காக இருக்கிறது. திரைப்படம் பார்த்தாலும் குறையில்லை. விளையாட்டு ஒன்றைத் தொடங்கிக் கால் மணி நேரம் ஆனதும் திடீரென அணைந்துவிடுகிறது. இத்தகைய கணிப்பொறி உள்ள வீடுகளில் பெரியவர்கள் வழங்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "விளையாடி விளையாடியே மிஷினைக் கெடுத்துவிட்டான்." இத்தீர்ப்பு சரிதானா என்பதை இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் சற்று ஆராய விரும்புகிறேன்.

மேசைக்கடியில் இருக்கும் பெட்டி முழுவதையும் நாம் 'சி.பி.யூ.' என்றே அழைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் சி.பி.யூ. என்பது உள்ளங்கையில் அடங்கும் செயலி மட்டுமே. படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டு, தற்காலிக நினைவகமாகிய ராம், வீட்டு மின்சாரத்தைக் குறைந்த மின்னழுத்தமாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். ஆகியவை அதே பெட்டிக்குள் தனித்தனியே இருக்கின்றன. எல்லாவற்றிற்கும் ஒரே பெயர் வைத்துவிட்டதால் பழுதையும் பொதுவாகவே பேசுகிறோம் என எனக்குத் தோன்றுவதுண்டு.

தட்டெழுதும்போது இவற்றுள் பெரும்பாலானவை சும்மாதான் இருக்கின்றன. விளையாட்டிலோ நொடிக்கு 60 படங்கள், சில வேளைகளில் அதற்கும் மேல் வரைந்தாக வேண்டும். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் ஒருசேர, இடைவிடாமல் உழைக்கின்றன. 2020இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3080 என்னும் கார்டு 320 வாட் எடுக்கும் என்று அந்நிறுவனமே குறித்துள்ளது. பழைய மாதிரி கூரை மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட் எனக் கொண்டால், நான்கு மின்விசிறிகள் சுழலும் மின்சாரம் ஒரே கார்டுக்குள் செல்கிறது! அவ்வளவும் முடிவில் வெப்பமாக வெளியேற வேண்டும். ஆகவே முன்பே எங்கோ இருந்த பலவீனம்தான் விளையாடும்போது வெளிப்படுகிறது.

அது எங்கே என்று அறிய, கணிப்பொறி எவ்வாறு நின்றது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். படம் உறைந்து, ஒலி ஒரே சுருதியில் இரைந்தால் கிராபிக்ஸ் கார்டையோ அதன் டிரைவர் நிரலையோ ஐயுறலாம். கார்டு 2 நொடிகள் வரை பதில் தராவிட்டால் விண்டோஸ் அதனை மீளத் தொடங்கச் செய்யும். அதுவும் பலிக்காவிட்டால் நீலத்திரை தோன்றும். விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைச்செய்தி வந்தால் ராமைச் சோதிப்பது நலம். அதற்கென உள்ள மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு ஓடவிட்டாலே போதும். எந்தச் செய்தியுமின்றி, சுவிட்சை அணைத்தாற்போல் இருண்டுவிட்டால் வெப்பமோ மின்சாரமோதான் பெரும்பாலும் காரணம்.

நம் ஊர்க் கோடையில் வெப்பத்திற்கே முதலிடம் தர வேண்டும். 38 டிகிரி உள்ள அறையில் காற்று வீசினாலும் அது 38 டிகிரிக் காற்றுத்தானே? போதாக்குறைக்கு வெப்பம் கடத்தும் தகடுகளுக்கிடையே தூசி பஞ்சு போல் அடைத்துக்கொள்ளும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, எதிரே மேசை விசிறியை வைத்து விளையாடிப் பாருங்கள். அணையும் நேரம் தள்ளிப்போனால் விடை கிடைத்துவிட்டது. முதல் முறை 20 நிமிடத்தில் அணைந்து, உடனே மீண்டும் போட்டால் 5 நிமிடத்திலேயே அணைவதும் வெப்பத்தின் அடையாளம். தூசியை ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். செயலிக்கு மேலுள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக இடலாம்.

எங்கள் வீட்டுக் கணிப்பொறியின் கதை வேறு. என் அக்கா திருமண ஆல்பங்கள் வடிவமைத்து ஸ்டுடியோக்களுக்குத் தருகிறார். அதே கணிப்பொறியில் இரவில் தம்பி விளையாடுவான். மார்கழியில் அது அணையத் தொடங்கியது. தை முகூர்த்தங்களுக்கான வேலை குவிந்திருந்த நேரம். ஆல்பத்தைச் சேமிக்கும்போது அணைந்தால் என்னாவது? அப்பா விளையாட்டைத் தடை செய்தார். கடைக்காரரோ, "கார்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று 18,000 ரூபாய் கேட்டார். அக்காவின் இரண்டு மாத வருமானம் அது. "நிஜமாவே கார்டுதானாடா? பார்த்துச் சொல்லு" என்றார் என்னிடம்.

வெப்பநிலை காட்டும் நிரலைத் திறந்துவைத்துத் தம்பியை விளையாடச் சொன்னேன். அணைந்த கணத்தில் கார்டு 72 டிகிரியில்தான் இருந்தது. அது அஞ்சத்தக்க சூடன்று. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 41 என்னும் எண் மட்டும் இருந்தது. 'முறையாக நிறுத்தப்படாமல் மீண்டும் தொடங்கியது' என்பதே அதன் பொருள். காரணத்தை அது சொல்வதில்லை. அடுத்து, நொடிக்கு 30 படங்களுக்கு மேல் வரையாதபடி வரம்பிட்டேன். இரண்டு மணி நேரம் அணையவே இல்லை! வரம்பை நீக்கியதும், வெடிகள் நிறைந்த ஒரு காட்சியில் சட்டென அணைந்தது. சுமை ஏறும் நொடியில் சாய்கிறது என்றால் சுமை தாங்குபவனைப் பார்க்க வேண்டும். எங்கள் எஸ்.எம்.பி.எஸ். 450 வாட்; வயதோ 7 ஆண்டுகள்.

கார்டு எடுக்கும் மின்சாரம் சீரானதன்று. சில மில்லிநொடிகளுக்குச் சராசரியைவிட மிக உயர்ந்து பின் இறங்கும். அந்த ஏற்றத்தை ஈடுகட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின்தேக்கிகள் உள்ளன. ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் அவற்றின் மின்பகுபொருள் உலர்ந்து தேக்குதிறன் குறைகிறது. 12 வோல்ட் இணைப்பு 5 விழுக்காட்டுக்குள், அதாவது 11.4 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். ஏற்றத்தின்போது அதற்கும் கீழே சரிந்தாலோ பாதுகாப்புச் சுற்று குறுக்கிட்டாலோ எல்லாம் இருண்டுவிடும். ஆல்ப வேலையில் கார்டுக்கு இவ்வளவு சுமை ஏறுவதில்லை.

நண்பனிடம் 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். மூன்று மாலைகள் தம்பி விளையாடியும் அணையவில்லை. பழையதைத் திரும்ப மாட்டினேன்; அன்றே அணைந்தது. திரும்ப மாட்டிப் பார்க்கும் இப்படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் சோதனை முழுமையாகாது. புதியது 4,200 ரூபாயில் முடிந்தது. இங்கே இரண்டு எச்சரிக்கைகள்: எஸ்.எம்.பி.எஸ்.ஸை எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கியில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் இருக்கலாம். கழற்றி மாட்டும் வகையாயின், ஒன்றின் கேபிளை மற்றொன்றில் செருகக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிவரிசை மாறியிருந்து பாகங்கள் கருகக்கூடும்.

பிழைச்செய்தி ஒருவரைக் காட்ட, குற்றவாளி வேறொருவராக இருப்பதும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் பலவற்றில் விளையாட்டுகள் தொடங்கும்போதே நின்றுபோயின. திரையில் வந்த செய்தியோ 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்பது. செய்தியை நம்பினால் கார்டைத்தான் மாற்றத் தோன்றும். கோளாறு இருந்ததோ செயலியில். தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தம் செயலியைச் சிறிது சிறிதாகச் சிதைத்தது என்று 2024இல் அந்நிறுவனம் விளக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தங்களை வெளியிட்டு, பெட்டியில் விற்ற அச்செயலிகளின் உத்தரவாதத்தை 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக உயர்த்தியது. பயாஸைப் புதுப்பித்தால்தான் அத்திருத்தம் கணிப்பொறிக்கு வந்து சேரும். ஏற்கெனவே சிதைந்த செயலியை அது சரிசெய்யாது. ரசீதைக் காட்டி மாற்றித்தான் வாங்க வேண்டும்.